சிமியோனின் மரண அறிவித்தலைத் திறந்தவர்கள்

ஒரு வியாழக்கிழமை காலை, சாரத்தோடு கதிரையில் இருந்தபடி, கால் நனையாமல், ஒற்றை விரலால் குருநகரின் அத்தனை வள்ளங்களையும் கடலில் இறக்கியவன் நான். அதே விரலால் பாரிஸில் நித்திரையிலிருந்த மாடிக் கட்டடமொன்றைக் கட்டில்களோடு எழுப்பினேன். ஒஸ்லோவில் பனி வாருகிற வாகனத்தை நடுத்தெருவில் நிற்பாட்டினேன். ரொறன்ரோவில் ஒரு பிறந்தநாள் வீட்டில் கேக் வெட்டப் போன கத்தி அந்தரத்தில் நின்றது. ஆயுதம் இல்லை, சத்தம் இல்லை. மேசையில் வைத்த தேநீர் ஆறுவதற்கு முன்னரே ஐந்து கண்டங்களும் அழத் தொடங்கிவிட்டன. அவுஸ்திரேலியா மட்டும் கொஞ்சம் பிந்தியது. அங்கே எல்லோரும் வேலைக்குப் போய்விட்டார்கள்.

இதை நம்பாதவர் ஊரில் ஒருவர்தான். செத்தவர் அவர்.

நான் எதையும் மறைக்கப் போவதில்லை. எங்கள் கோயிலின் பங்குச் சபை விசாரணை வைத்தது. கேட்டதற்கெல்லாம் அங்கே பதில் சொன்னேன். கேட்காமல் விட்டதை இங்கே சொல்கிறேன். மன்னிப்புக் கேட்பேன் என்று யாராவது காத்திருந்தால், இப்போதே எழுந்து போய்த் தங்கள் அலுவலைப் பார்க்கலாம்.

என் பெயர் செபநாயகம். தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கிற வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். ஒட்டுக்கேட்கிறவன் என்று என்னைப் பற்றிச் சிலர் சொல்வதுண்டு. அது பொய். மனிதர் கதைப்பதைக் கேட்க எனக்குப் பொறுமை கிடையாது. யார் யாரைக் கூப்பிட்டார், யார் மணி அடிக்க அடிக்க எடுக்கவில்லை, அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. ஓர் ஊரின் மனம் முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது.

ஓய்வுபெற்ற பிறகு எங்கள் பங்குக்கு ஓர் இணையத்தளம் செய்தேன். ‘கரைமணி’ என்று பெயர். பூசை நேரம், காற்று, கடல் நிலை, திருவிழாப் படங்கள், மரண அறிவித்தல். காணொளிகளைப் பார்த்து நானே படித்து நானே கட்டியது. வத்திக்கானிலும் இப்படியொன்று இல்லை என்று வத்திக்கானிலிருந்து ஒருவரும் எனக்கு எழுதவில்லை, பார்த்திருந்தால் எழுதியிருப்பார்கள்.

ஒரு ஞாயிறு பங்குச் சபைக் கூட்டத்தில் சிமியோன் எழுந்தார். சிமியோன் என் பக்கத்து வீடு. இடையில் ஒரு மதில்தான். அறுபது தாண்டியும் தனியே வள்ளத்தில் போய் வலை போடுகிற மனிதர். வாய் திறந்தால் ‘இல்லை’ என்றுதான் தொடங்குவார்.

“இல்லை ஃபாதர், உந்தக் கரைமணியை ஒருத்தரும் திறக்கிறேல்லை. அண்ணை தானே எழுதி, தானே வாசிச்சு, தானே ஆமென் சொல்லுறார். மூடிவிடுங்கோ. சொல்லவேண்டியதை ஃபேஸ்புக்கிலை போட்டாக் காணும்.”

மண்டபம் சிரித்தது. பெண்கள் பக்கம் கொஞ்சம் கூடவே சிரித்தது.

“ஐந்து கண்டத்திலையும் பாக்கினம்” என்றேன்.

“ஆர் பாக்கினம்? பேரைச் சொல்லுங்கோவன் பாப்பம்.”

பங்குத்தந்தை இளையவர், நியாயமானவர். “ஐயா, வாற மாதம் முதல் ஞாயிறு திரும்ப எடுப்பம். சனம் திறக்குதெண்டு காட்டினால் இருக்கட்டும். இல்லாட்டி மூடுவம்” என்றார். சபையின் செயலாளர் வசந்தினி ரியூசன் வகுப்பு எடுக்கிறவள். அவள் அதைக் குறித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தேன். கரைமணி போனால் எனக்கு இருப்பது அந்தக் கதிரைதான். அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், பிறகு இரக்கம் தேடினேன் என்று சொல்லக்கூடாது.

யார் எந்த இணைப்பை அழுத்துகிறார் என்று எண்ணுகிற வேலையை அன்றே கரைமணியில் சேர்க்கத் தொடங்கினேன். சிக்கலான காரியமல்ல. முன்பு இணைப்பை அழுத்துகிறவர் நேரே பக்கத்துக்குப் போனார். இப்போது நான் வைத்த ஒரு சின்னப் படலையை, வேலிக் கதவு மாதிரி ஒன்றை, தாண்டிப் போகவேண்டும். அவர் தாண்டும்போது படலை அவரைப் பதிந்துவிட்டு உள்ளே விடும். கண் இமைக்கிற நேரமும் இல்லை. அப்படியொரு படலை இருந்ததே அவருக்குத் தெரியவராது. யார் என்று அறிவதற்கு, வாட்ஸப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அனுப்புகிற இணைப்பின் முடிவில் நாலைந்து எழுத்தில் ஒரு வால் ஒட்டினேன். வசந்தினியின் வால் வேறு. பங்குத்தந்தையின் வால் வேறு. வாட்ஸப்புக்கு ஒரு பழக்கம் உண்டு: இணைப்பைக் கண்டவுடன் உள்ளே என்ன இருக்கிறதென்று தானே ஒருமுறை எட்டிப் பார்க்கும், படத்தையும் தலைப்பையும் எடுத்து வருவதற்காக. அந்த எட்டிப்பார்ப்பையெல்லாம் கணக்கிலிருந்து கழித்தேன். நான் நேர்மையான மனிதன்.

இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் அவர்கள் இயல்பாக அழுத்தமாட்டார்கள். சுவாமி பார்க்கிறார் என்று தெரிந்த கணத்திலிருந்து கண்ணை இறுக்கி மூடிச் செபிக்கிற ஆட்கள் நாங்கள்.

முதலில் பூசை நேரம் அனுப்பினேன். ஒருவர் அழுத்தினார். அது நான். காற்றும் கடல் நிலையும் அனுப்பினேன். மீனவர் பங்கில் அதை அழுத்தியது ரொறன்ரோவில் வாழ்கிற ஒரு பல் வைத்தியர் மட்டும். திருவிழாப் படங்களைப் பலர் திறந்தார்கள். ஆனால் ஒவ்வொருவரும் தாங்கள் நிற்கிற படத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

எங்கள் சனம் எதைத் திறக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. எங்கிருந்தாலும், எந்த வேலையில் நின்றாலும், மரண அறிவித்தலைத் திறக்கும். யார் போனது, யாருடைய ஆள், உறவுகளின் பெயர்களில் தன் பெயர் வந்திருக்கிறதா, வந்தால் ‘அன்பு’ என்று வந்ததா ‘பாசமிகு’ என்று வந்ததா, அத்தனையும் பார்க்கும். அறிவித்தலில் பெயர் விடுபட்டதற்காக ஒருவர் வீட்டுப் படியை மற்றவர் மிதிக்காத குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன.

அந்த மாதம் பார்த்துக் குருநகரில் ஒருவரும் சாகவில்லை. என் வாழ்நாளில் இவ்வளவு ஆரோக்கியமான மாதத்தை நான் கண்டதில்லை. கடுமையாகச் சுகமில்லாமல் கிடந்த இரண்டு பேரை பிஸ்கட் பெட்டியோடு போய்ப் பார்த்தேன். ஒருவர் எழுந்திருந்து இரண்டு பிஸ்கட் சாப்பிட்டார். மற்றவர் என்னைப் பார்த்துவிட்டு, “நீ ஏன் இப்படி மெலிஞ்சு போனாய்?” என்று கேட்டார்.

ஆகவே ஒரு சோதனை அறிவித்தல் போடுவதென்று தீர்மானித்தேன். கணினி வேலையில் இது சாதாரணம். புதிதாக ஒன்றைச் சேர்த்தால் போலித் தகவலைக் கொடுத்து ஓடவிட்டுப் பார்ப்பார்கள். ஏற்கெனவே செத்த ஒருவரின் பெயரை எடுக்கலாமா என்று யோசித்தேன். அது செத்தவருக்குச் செய்கிற அவமரியாதை. அவரால் வந்து மறுக்கவும் முடியாது. உயிரோடிருக்கிற ஒருவரை எடுப்பதுதான் நியாயம்.

சிமியோனை எடுத்தேன். ஒருத்தரும் திறப்பதில்லை என்று சொன்னவர் அவர்தான். அவருடைய அறிவித்தலையே ஒருத்தரும் திறக்காவிட்டால் அவர் சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டு நானே கரைமணியை மூடியிருப்பேன். இதைவிட நேரிய ஏற்பாட்டை யார் செய்வார்கள்?

அறிவித்தலை நன்றாகவே எழுதினேன். யாழ். குருநகரைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட மரியாம்பிள்ளை சிமியோன் அவர்கள் காலமானார். ஸ்ரெல்லாவின் அன்புக் கணவரும், ரொறன்ரோவில் வசிக்கும் ஜெயனியின் பாசமிகு தந்தையும். அதன் பிறகு ஒரு கணம் நின்றேன். சிமியோனுக்கு ஒரு தம்பி உண்டு, றோய். மூன்று தெரு தள்ளித்தான் இருக்கிறார். ஒன்பது வருடங்களுக்கு முன் திருவிழாவில், புனிதரின் சொரூபத்தைக் கடலில் ஊர்வலம் கொண்டுபோகத் தமையனின் வள்ளத்தை விட்டுவிட்டுத் தம்பியின் வள்ளத்தைத் தெரிந்தெடுத்தார்கள். தம்பி மறுக்கவில்லை. அன்றிலிருந்து சிமியோன் றோயோடு கதைப்பதில்லை. பூசையில் சமாதானம் சொல்லிக் கை கொடுக்கிற நேரத்தில் சப்பாத்து நாடா கட்டக் குனிந்துவிடுவார். அவர் போடுவதோ செருப்பு.

‘றோயின் அன்புச் சகோதரரும்’ என்று எழுதினேன். உறவுகளின் பெயர்களைத் தனிப் பக்கமாக வைத்து அதற்கும் ஓர் இணைப்புக் கொடுத்தேன். எத்தனை பேர் அதுவரை போகிறார்கள் என்று பார்க்கவேண்டுமே.

தலைப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒரே செய்திக்கு இரண்டு தலைப்பு வைத்து, ஆட்களைப் பாதி பாதியாகப் பிரித்து அனுப்பி, எது கூட அழுத்தப்படுகிறது என்று பார்ப்பது இந்தத் தொழிலில் வழக்கம். நானும் அப்படிச் செய்தேன். ஒரு பாதிக்கு ‘சிமியோன் காலமானார்’ என்று போனது.

மற்றப் பாதிக்கு ‘சிமியோன் கடலில் காலமானார்’ என்று போனது.

யாருக்கு எது என்பதை இயந்திரம்தான் பிரித்தது. அதில் என் கை இல்லை. உள்ளே ‘உடல் தேடப்படுகிறது’ என்று ஒரு வரியும் சேர்த்தேன். உடல் எங்கே என்று கேட்பார்கள். என்னிடம் அதற்குப் பதில் இல்லை. ஆகவே அந்த வரி.

அவர் கடலில் நிற்கிற நேரமாகப் பார்த்தே அனுப்பினேன். கரையில் நின்றிருந்தால் யாராவது கண்டு, சோதனை கெட்டுப் போயிருக்கும். வெளிநாட்டாருக்கு, பங்குச் சபையாருக்கு, ஊரில் தொலைபேசி வைத்திருக்கிற எல்லோருக்கும் போனது. சிமியோனுக்கும் போனது. பெயர்ப்பட்டியலில் அவர் இருந்தார். செத்துவிட்டார் என்பதற்காக ஒருவரை விலக்குவது முறையல்ல. ஸ்ரெல்லாவுக்கு மட்டும் அனுப்பவில்லை. எனக்கும் இரக்கம் உண்டு. கிழமைக்கு ஒருமுறையாவது மதிலால் மீன்பொரியல் தருகிற பெண் அவள்.

பிறகு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் காட்சியை எப்படிச் சொல்வேன். முதலில் ஒன்று, பிறகு இரண்டு, பிறகு சோளப்பொரி வெடிக்கிற மாதிரி. பாரிஸ் விழித்தது. லண்டன் விழித்தது. ஜேர்மனியில் நான் பெயரே கேள்விப்படாத பட்டணங்களெல்லாம் என் படலையைத் தாண்டி ஓடின. ‘கடலில்’ என்ற ஒரு சொல் மற்றத் தலைப்பை மிதித்துக்கொண்டு போனது. ஜெயனி திறந்தாள். அந்தரத்தில் நின்ற கேக் கத்தி அவளுடைய கையில்தான் இருந்தது. முதலிலேயே சொல்லியிருக்கலாம், அப்போது அது அவசியமாகப் படவில்லை.

கோயில் மணி அடிக்கிற கொலின்ஸ் திறந்தார். உள்ளே ஒன்றையும் அழுத்தவில்லை. நேரே போய் மணிக்கயிற்றைப் பிடித்தார். எங்கள் கரையில், கடலில் ஒருவர் போனார் என்று மணி கேட்டால் ஒருவரும் வலை போடமாட்டார்கள். கரையில் நிற்கிற வள்ளங்கள் இறங்கும். கடலில் நிற்கிற வள்ளங்கள் வலையை அப்படியே விட்டுவிட்டுத் தேடப்போகும். பகையாளியும் போவான். தெருவெல்லாம் காலடிச் சத்தம். என் யன்னலுக்கு வெளியே ஒருவர் கேட்டார், “ஆர் சொன்னது?” மற்றவர் ஓடியபடியே சொன்னார், “கரைமணியிலை வந்திருக்கு.”

அந்த வசனத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். கூட்டத்தில் சிரித்த அதே குரல்.

மணிச்சத்தத்தோடு ஸ்ரெல்லா மதிலடிக்கு வந்தாள். கையில் உரித்த வெங்காயம். அவளுக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. தெரிந்தவர்கள் அவளுடைய வீட்டுக்கு வர அஞ்சி, ஒருவரை ஒருவர் முன்னே தள்ளிக்கொண்டு சந்தியில் நின்றார்கள்.

“செபநாயகண்ணை, மணி அடிக்குதெல்லே. என்னவாம்? உங்களுக்குத்தானே எல்லாம் முதல்லை தெரியும்.”

விசாரணையில் ஒருவரும் இதைக் கேட்கவில்லை. கேட்கத் தெரியவில்லை. நான் எதையும் மறைக்கப் போவதில்லை என்று சொன்னேன் அல்லவா. அவளுக்கு அனுப்பவில்லை என்றது மற்றவர்களோடு சேர்த்து அனுப்பாததைத்தான். அந்த இடத்தில், மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று, “ஒண்டுமில்லைப் பிள்ளை, நான் ஒரு சோதனை செய்து பாத்தனான்” என்று நான் சொல்லியிருக்கலாம். ஆறேழு சொல். மணியும் நின்றிருக்கும்.

ஆனால் ஊரில் எண்ணப்படாத தொலைபேசி அவளுடையது ஒன்றுதான்.

“லிங்க் ஒண்டு அனுப்புறன், பார்” என்றேன்.

அவள் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு அழுத்தினாள். ‘கடலில்’ என்ற தலைப்பு. அதை இயந்திரம் பிரிக்கவில்லை. நானே தெரிந்தெடுத்தேன்.

அவளுடைய சத்தத்தைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. மதிலடியில் விழுந்தாள். முன்பல் ஒன்று உடைந்தது. சந்தியில் நின்றவர்கள் அதற்குப் பிறகுதான் வந்தார்கள். நான் உள்ளே போனேன், திரையில் அவளுடைய வால் பதிந்திருக்கிறதா என்று பார்க்க. பதிந்திருந்தது.

ஒன்பதரை மணிபோல ஒரு வால் விழுந்தது. அதைக் கண்டு கதிரையில் நிமிர்ந்தேன். சிமியோனுடைய வால். அவர் வலை போடுகிற இடத்தில் தொலைபேசிக்கு சிக்னல் எடுக்காது. கரைப் பக்கம் திரும்பினால்தான் எடுக்கும். சொப்பின் பையில் சுற்றி வைத்திருக்கிற தொலைபேசியை எடுத்துத் தன்னுடைய மரண அறிவித்தலைத் தானே திறந்திருக்கிறார். முதற்பக்கம். பிறகு உறவுகள். திரும்ப உறவுகள். இன்னொருமுறை உறவுகள்.

சரி, அரை மணித்தியாலத்தில் வந்து கரையில் நின்று கத்தப் போகிறார் என்று நினைத்தேன். முகம் கழுவிச் சேட்டு மாற்றினேன். ஐந்து கண்டமும் பார்த்ததென்று ஊருக்கு நடுவில் வைத்து அவருக்குச் சொல்லவேண்டும்.

அவர் வரவில்லை. பதினொரு மணிக்கும் வரவில்லை. கூப்பிட்டுப் பார்த்தேன், தொலைபேசி அணைந்திருந்தது. போன வள்ளங்களில் சில எரிபொருள் நிரப்பத் திரும்பின. நிரப்பியதும் திரும்பவும் கடலுக்குப் போயின. மதியமானது. அப்போதுதான் ஒன்று தோன்றியது: அறிவித்தலைக் கண்டு அந்த மனிதருக்கு நெஞ்சு அடைத்திருந்தால்? அப்படியென்றால் நான் போட்டது சோதனை அல்ல, செய்தி. காலையிலேயே வெளியிட்ட செய்தி. உண்மையைச் சொல்வேன், இன்னொருமுறை அவரைக் கூப்பிட்டுப் பார்த்தேன். அதோடு கூடவே, திகதியைத் திருத்தத் தேவையில்லை என்றும் ஒரு நினைப்பு வந்தது. வந்ததைச் சொல்கிறேன்.

இரண்டு மணியளவில் கரையில் ஒரு சத்தம் எழுந்தது. ஓடினேன். றோயின் வள்ளம் வந்தது. அதன் பின்னால் கயிற்றில் கட்டி இழுபட்டபடி சிமியோனின் வள்ளம். அதில் சிமியோன், நனையாமல், குந்தியிருந்தார். எல்லோரும் அவர் வலை போடுகிற பக்கம் தேடப்போக, றோய் மட்டும் மண்டைதீவுப் பக்கம் போய், கம்பு நட்டு வலை கட்டியிருக்கிற இடத்துக்குப் பின்னால் அவரைக் கண்டிருக்கிறார். விடியவே இஞ்சின் பழுது, போன் செத்துப்போச்சு, ஒன்றும் தெரியாது என்று சிமியோன் சொன்னார். ஸ்ரெல்லா தண்ணீருக்குள் இறங்கிப் போய் இரண்டு கையாலும் அவரை அடித்தாள். அடித்து முடித்துவிட்டுத் திரும்பி என்னைத் தேடினாள்.

பிறகு நடந்தது உங்களுக்குப் புதினமாக இராது. என்னைக் கடலில் எறியவேண்டும் என்றார்கள். நீந்தத் தெரியும் என்றேன். கணினித் திரையைத் தூக்கிக் கிணற்றில் போட்டார்கள். கரைமணி அந்தத் திரைக்குள் இருக்கிறதென்று அவர்கள் நினைத்தது எனக்கு ஆறுதலாக இருந்தது.

முதல் ஞாயிறு, பூசை முடிய, விசாரணைக்கு மண்டபம் நிரம்பி வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். கணக்கை நான் கொடுத்திருந்தேன். படலையைப் பற்றியும் வாலைப் பற்றியும் அதில் விளக்கியிருந்தேன். வசந்தினி வாசித்தாள். வாசிக்க வாசிக்க அவளுடைய முகம் மாறியது.

“அங்கிள், அப்ப நான் எதை எதைத் திறந்தனான் எண்டும் உங்களிட்டை இருக்கோ?”

“இருக்குப் பிள்ளை. நீர் பரவாயில்லை. திருவிழாப் படத்திலை உம்மடை சாறியை மட்டும்தான் பாத்தனீர்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. அதன் பிறகு பலர் தங்கள் தொலைபேசியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் பார்த்தார்கள், கடிக்குமோ என்பது போல.

சிமியோன் எழுந்தார். “கணக்கே பொய், ஃபாதர். இவர் தானே எழுதினது. எனக்கும் லிங்க் வந்ததாம்! நான் காணவுமில்லை, திறக்கவுமில்லை. கொலின்ஸ் மணி அடிச்சான், சனம் மணிக்கு ஓடினது. இண்டைக்கும் சொல்லுறன், உதை ஒருத்தரும் திறக்கிறேல்லை. மூடுங்கோ.”

மண்டபம் ஆம் என்றது. ஒருமனதாக. பங்குத்தந்தை என்னைப் பார்த்தார். கரைமணி அந்தக் கணத்தில் செத்துக்கொண்டிருந்தது. அதைக் காப்பாற்ற என்னிடம் ஒரு கேள்விதான் இருந்தது. அதைக் கேட்டால் சிமியோன் இனி ஸ்ரெல்லாவுக்கு எப்படி முகம் கொடுப்பார் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அவள் முன்வரிசையில் இருந்தாள், வாயைக் கைலேஞ்சியால் மூடியபடி.

நான் கேட்டேன்.

“சிமியோன், உம்மடை போன் எப்ப செத்தது?”

“விடியக்காலமை. வலை இழுக்கமுன்னம்.”

“அப்ப ஒன்பதரைக்குக் கடலிலை இருந்து உறவுகள் எண்டதை அமத்தினது ஆர்? மீனோ?”

“வாட்ஸப் தானே எட்டிப் பாக்குமெண்டு உங்கடை கணக்கிலையே எழுதிக் கிடக்கு.”

“அது ஒருக்கா எட்டிப் பாத்திட்டுப் போயிடும். உறவுகளை மூண்டு தரம் திறக்காது. அதுக்குக் கூடப்பிறந்தது ஒண்டும் இல்லை.”

ஸ்ரெல்லா கைலேஞ்சியை இறக்கினாள். “என்னப்பா, அண்ணை சொல்லுறது மெய்யோ?”

“இல்லை” என்றார் சிமியோன்.

கடைசி வரிசையில் றோய் எழுந்து நின்றார்.  நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்.

“அண்ணை, இஞ்சின் விடியவே நிண்டதெண்டனீங்கள். நான் கயிறு கட்டேக்கை அதிலை கை பட்டது. சுட்டது. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. இப்பவும் ஒண்டும் கேக்கேல்லை.”

 நான் ஸ்ரெல்லாவைப் பார்க்கவில்லை. சிமியோனைத்தான் பார்த்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு ஆவலோடு ஒரு மனிதனை நான் பார்த்ததில்லை. எனக்கு அதில் வெட்கமும் இல்லை.

வசந்தினி பேனையைப் பிடித்தபடி கேட்டாள்: “சிமியோன் அங்கிள், ‘ஒருத்தரும் திறக்கிறேல்லை’ எண்டு நீங்கள் சொன்னது எழுதியிருக்கு. விடட்டோ, வெட்டட்டோ?”

சிமியோன் திரும்பினார். எங்களுக்கு முதுகைக் காட்டி, தம்பி நின்ற பக்கம் திரும்பினார்.

“வெட்டு பிள்ளை. நான் திறந்தனான். உன்ரை பேர் கிடந்தது, றோய். அன்புச் சகோதரர் எண்டு கிடந்தது. நீதான் எழுதிக் குடுத்தியோ எண்டு திரும்பத் திரும்பப் பாத்தனான். வீட்டை வாறதுக்குத்தான் வள்ளத்தைத் திருப்பினனான். அந்த நேரம் நீ அண்ணை, அண்ணையெண்டு கத்திக்கொண்டு வாற சத்தம் கேட்டது. ஒன்பது வருசம். அந்த வலையளுக்குப் பின்னாலை போய், நீ கிட்ட வந்தா இஞ்சினைப் போட்டு விலகி, திரும்ப நிப்பாட்டிப்போட்டு, இன்னொருக்காக் கூப்பிடட்டும், இன்னொருக்காக் கூப்பிடட்டும் எண்டு இருந்தனான்.”